இரவில் குழந்தை உறங்க

தாலாட்டுக் கேட்காத வீடு நம் தமிழ்நாட்டில் உண்டோ? எத்தனை பாட்டுப் பாடினாலும் நள்ளிரவில் குழந்தை விழித்து அழுகிறதே, ஏன்? பச்சிளங் குழந்தைக்கு இரவு பகல் வேறுபாடு தெரியாது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் உறங்கினாலும், இரைப்பை மிகச் சிறியதாகையால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பசித்து விழிக்கும். அதைப் பிடிவாதம் என்பது சரியன்று. மூன்றாம் மாத அளவில்தான் இரவுறக்கம் மெல்ல நீளும். அதுவரை, பாலூட்டும்போது விளக்கைத் தணித்துப் பேச்சைக் குறைத்தால் போதும்.

ஆதிச்சநல்லூரில் கோடையிரவில் சுவரே அனல் வீசும். அப்போதும் குழந்தைக்குக் குல்லாவும் கம்பளியும் சுற்றும் ஆச்சிமார் உண்டு! மெல்லிய பருத்திச் சட்டையே போதுமானது.

முக்கியமானது படுக்கும் விதம். குப்புறப் போட்டால் அயர்ந்து உறங்கும் என்பார்கள். உறங்கும் என்பது மெய்தான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அவ்வாறு கிடத்த வேண்டாமென்று அறிவுறுத்தியது. மல்லாந்து கிடத்தும் வழக்கம் பரவியபின், உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் சிசுக்களின் தொகை பத்தாண்டுகளில் அங்கே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

சேலைத் தொட்டிலைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் ஆட்டம் அழுகையை அடக்கும். ஆனால் துணி குழியும்போது மோவாய் நெஞ்சில் படிந்து மூச்சு முட்டலாம். கண் அயர்ந்ததும் எடுத்து, தாயின் அருகே, தலையணையின்றிப் பத்தமடைப் பாய் போன்ற சமதளத்தில் மல்லாத்திக் கிடத்தி, கொசுவலை கட்ட வேண்டும். எங்கள் அக்காள் மகன் அப்படித்தான் உறங்குகிறான். நடுச்சாமத்தில் இருமுறை அழவும் செய்கிறான்.