மென்பொருளோடு ஆவணமும் கைக்கு வர வேண்டும்

மென்பொருளை இயக்கவும் பராமரிக்கவும், பழுதானால் மீட்கவும் தேவையான குறிப்புகளின் தொகுப்பே மென்பொருள் ஆவணம். பயனர் கையேடு, நிறுவும் முறை, தரவுத்தள அமைப்பு, அவ்வப்போது செய்த மாற்றங்களின் பட்டியல், மூல நிரல் இருக்கும் இடம், அட்மின் கணக்கு விவரம் ஆகியவை அதில் அடங்கும்.

சென்னை பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலைக் கடைகளும் கிளினிக்குகளும் குடியிருப்போர் சங்கங்களும் பில்லிங், கணக்கு, உறுப்பினர் பதிவு போன்றவற்றுக்குத் தெரிந்த டெவலப்பரிடம் மென்பொருள் எழுதி வாங்குவது உண்டு. பேச்சு பெரும்பாலும் விலையோடு முடிந்துவிடுகிறது. ஆவணத்தைக் கேட்பவர் குறைவு.

ஆபத்து எங்கே?

எழுதியவர் ஊர் மாறினாலோ வேறு வேலைக்குப் போனாலோ, வரி விகிதத்தைத் திருத்துவதற்குக்கூட ஆள் கிடைக்காது. புதிதாக வருபவர் முதலிலிருந்து எழுதத்தான் சொல்வார். டொமைனும் சர்வரும் டெவலப்பர் பெயரிலேயே இருந்தால், பல வருடக் கணக்கும் அவர் பிடியில் இருக்கும். சதுப்புநிலத்தை ஒட்டிய இந்தப் பகுதிக்கு வெள்ளமும் ஓர் ஆபத்து. 2015 பெருமழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இங்கே தண்ணீர் புகுந்தது. தரைத்தளக் கணினி நனைந்துவிட்டால், பேக்கப்பும் மீட்கும் முறை எழுதிய தாளும் இல்லாதவர் எல்லாவற்றையும் இழக்கிறார்.

சட்டம் தரும் உரிமை

பணம் கொடுத்தவருக்கே மூல நிரல் சொந்தம் என்பது தவறான எண்ணம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்குச் சேரும். வெளி ஆள் எழுதியது பொதுவாக எழுதியவருக்கே சேரும். உரிமை மாற வேண்டுமானால் எழுத்தில் கையெழுத்தாக வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். முறையாகப் பெற்ற மென்பொருளுக்கு, இழப்பிலிருந்து காத்துக்கொள்ளப் பேக்கப் பிரதி எடுப்பதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

முன்னெச்சரிக்கை

ஒப்பந்தத்தில் ஆவணங்களின் பட்டியல், மூல நிரல் உரிமை, தரவை வெளியே எடுக்கும் வசதி, பழுது பார்க்கும் காலம் நான்கும் இருக்க வேண்டும். டொமைனும் சர்வர் கணக்கும் வாங்குபவர் பெயரில் பதிவாக வேண்டும். கையேட்டை மட்டும் வைத்து வேறொருவர் மென்பொருளை நிறுவிக் காட்டிய பிறகே கடைசித் தவணை கொடுப்பது நல்லது. பேக்கப் பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

தீர்வு

ஒப்புக்கொண்டதைத் தராவிட்டால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள், தாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். வணிக நோக்கத்துக்காக வாங்கியது நுகர்வோர் புகாரில் சேராது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிய பொருளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் ஒப்பந்த மீறலுக்கு உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம்.

உரிமையுள்ளவரைக் கணினிக்குள் நுழைய விடாமல் தடுப்பதும், கேடு செய்யும் நோக்கத்தோடு மூல நிரலைத் திருடுவதும் மறைப்பதும் அழிப்பதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வரும். இழப்பீட்டுக் கோரிக்கை ஐந்து கோடி ரூபாய் வரை இருந்தால் அச்சட்டப்படி நியமிக்கப்பட்ட தீர்ப்பு அலுவலர் விசாரிப்பார். நேர்மையற்ற எண்ணத்தோடு இச்செயல்களைச் செய்திருந்தால் 66ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். பள்ளிக்கரணையில் இருப்பவர்கள் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தம், ரசீது, மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாமே சான்றுகள். பணம் முழுதும் தீர்ந்த பிறகும் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.