வழிப்படைப்பும் வியப்பும்: ‘எந்திரன்’, ‘2.0’ பற்றிய சுவைஞர் வாதம்

மக்கள் உள்ளங் கவர்ந்த படைப்பொன்றனைத் தொடர்ந்து மற்றொன்று தோன்றுமாயின், முன்னதனோடு பின்னதனை ஒப்புநோக்கி வாதிடுதல் உலகியல்பு. சாத்தூரை அடுத்த ஏழாயிரம்பண்ணையில், வாணத் தொழில் செய்யும் இளைஞர் சிலர் தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்து ‘எந்திரன்’, ‘2.0’ என்னும் திரைப்படங்களைப் பற்றி இவ்வாறு வாதிடக் கேட்டதே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. முதற்படத்தில் பாட்டு இருந்தது, இரண்டாவதில் ஓசையே மிகுந்தது என்றார் ஒருவர். பெரும் பறவைக்குப் பேரிசை வேண்டாவோ என்றார் மற்றொருவர். சுஜாதா இல்லாத குறையே குறை என்றார் மூன்றாமவர். இம்மூன்று கூற்றும் இலக்கியத் திறனாய்வுக்கு உரியனவே. அவற்றைத் தெளிவுறுத்தும் கருவிகள் நம் பழைய நூல்களில் உள்ளன என்பதை ஒருவாறு காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் செய்திகளை வரையறுத்துக் கொள்வோம். ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய புதினங்களால் அறிவியற் புனைவைத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கிய சுஜாதா, அப்படத்தின் உரையாடலில் பங்கு கொண்டவர். படம் வெளிவருமுன்னரே, 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தார். தொடர்ச்சியாகிய ‘2.0’ 2018 நவம்பர் 29 அன்று வெளிவந்தது. அதன் உரையாடலை இயக்குநருடன் எழுதியவர் ஜெயமோகன். இரண்டிற்கும் இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான். முன்னதன் இசைத்தொகுப்பில் ஏழு உருப்படிகள் இருந்தன. பின்னதற்கோ 2017 அக்டோபரில் துபாயில் வெளியிடப்பட்டவை இரண்டு பாடல்களே. மூன்றாவது பாடல் படம் வெளிவரும் காலத்தையொட்டியே வந்தது. பாட்டுக் குறைந்த இடத்தைப் பல்லியமும் மின்னணு ஒலியும் கலந்த பின்னணி இசை நிரப்பிற்று. வாதம் எழுந்ததும் இவ்விடத்திலேதான்.

அறிவியற் புனைவின் தலையாய சுவை யாது? வியப்பே என்பதில் ஐயமில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இதனை மருட்கை எனக் குறித்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் வழித் தோன்றும் என வகுத்தார். முன் காணாதது புதுமை. அளவிறந்து பெரியது பெருமை. அளவிறந்து நுண்ணியது சிறுமை. ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல் ஆக்கம். இப்பகுப்பு ‘2.0’ படத்திற்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகிறது. சென்னை மாநகரின் கைப்பேசிகள் எல்லாம் பறந்து சென்று ஒன்றுகூடிப் பறவையாதல் ஆக்கம். அப்பறவை வான் மறைக்கும் உருக் கொள்ளுதல் பெருமை. இறுதியில் புறாக்களின்மேல் ஊர்ந்து வரும் குறு எந்திரங்கள் சிறுமை.

ஆயின் நான்கனுள் புதுமை என்னாயிற்று? தொடர்ச்சிப் படைப்பு எதற்கும் உள்ள இடர் இதுவே. மனிதனைப் போலப் பேசி நடக்கும் சிட்டியை முதன்முறை கண்ட வியப்பு ஒருமுறைக்கே உரியது. இரண்டாவது படம் அவனை மீண்டும் பொருத்தி எழுப்புகிறது; கண்டவர் மகிழ்கின்றனர், வியக்கின்றாரல்லர். இழந்த புதுமைக்கு ஈடாக ஏனைய மூன்றனையும் பெருக்குவதன்றி இயக்குநர்க்கு வேறு வழியில்லை. உருப் பெருகவே ஒலியும் பெருகிற்று. ஆகவே, ஓசை மிகுந்தது என்னும் குறை இசையமைப்பாளர் ஒருவரைச் சாருவதன்று. தொடர்ச்சியின் இயல்பிலேயே அதன் வேர் உள்ளது.

இனி, பாட்டில்லை என்னும் குறையை நோக்குவோம். தமிழில் இக்குறை புதியதன்று. சிலப்பதிகாரம் கானல்வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை எனப் பாட்டும் கூத்தும் நிறைந்த முத்தமிழ்க் காப்பியம். அதன் கதையைத் தொடரும் மணிமேகலையோ முப்பது காதைகளும் ஆசிரியப்பாவாகவே அமைந்தது. வரிப்பாட்டு ஒன்றேனும் அதன்கண் இல்லை. முன்னதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இஃது எத்துணை வறட்சியாகத் தோன்றியிருக்கும்! சாத்தனார் இதனை அறியாதவரல்லர். இரண்டாவது காதைக்கு ‘ஊரலர் உரைத்த காதை’ என்பது பெயர். இந்திர விழாவிற்கு மாதவியும் மணிமேகலையும் ஆட வாராமையால் ஊர் அலர் தூற்றுகிறது, சித்திராபதி வருந்தி வயந்தமாலையைத் தூது விடுக்கிறாள், மாதவி மறுத்துவிடுகிறாள். ஆடலும் பாடலும் எங்கே என்று சுவைஞர் கேட்கக்கூடிய வினாவைக் காப்பியத்தின் உள்ளேயே வைத்து, அதற்கு விடையும் கூறிவிட்டார் புலவர். கோவலன் இறந்தபின் மாதவிக்கு ஆடல் இல்லை. துறவை நோக்கி நடக்கும் கதைக்கும் அது வேண்டா. பாட்டு நீங்கியது பொருள் கருதியே என்க.

எனவே தொடர்ச்சிப் படைப்பு முன்னதன் பாட்டைக் கைவிடுதல் தன்னளவிற் குற்றமாகாது. கைவிட்ட இடத்தில் எதனை வைத்தது என்பதே கேள்வி. மணிமேகலை பாட்டிருந்த இடத்தில் அறத்தையும் அளவை நூல் வாதத்தையும் வைத்தது. மேனாட்டில் 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திற்கு லண்டன் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு இசையமைத்த ஜான் வில்லியம்ஸ், 1980-இல் வந்த அதன் தொடர்ச்சியில் பகைவர் படைக்கென்று புதிய அணிநடை இசையொன்றைப் படைத்தார். ஒலியைப் பெருக்காமல் புதிய பண்பொன்றைச் சேர்த்தமையால், அப்பகுதி தனியே நினைக்கப்படும் பேறு பெற்றது.

‘2.0’ படத்தில் இவ்வாறு புதிதாய்ச் சேர்ந்தது யாது? பட்சிராசனின் முன்கதையே எனலாம். பறவைகள் மடியக் கண்டு முறையிட்டும் கேட்பாரின்றிக் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு உயிர்விடும் முதியவரின் கதை அது. தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் காரணங்களுள் ஒன்றாகிய இழவு இங்கே நிகழ்கிறது. இவ்விடத்தில்தான் படம் பாட்டை நாடுகிறது. 2016-இல் மறைந்த நா. முத்துக்குமார் இயற்றி, பம்பா பாக்யா முதலியோர் பாடிய ‘புள்ளினங்காள்’ பாடல் அது. எந்திரத்தின் வியப்புக்குப் பல்லியத்தையும், மனிதனின் துயருக்கு மிடற்றிசையையும் அமைத்த பகுப்பு செம்மையானது. ஆனால் இறுதிப் போர்ப் பகுதியில் இசையும் வெடியொலியும் ஒன்றையொன்று விழுங்க, எம்மெய்ப்பாட்டிற்கு எவ்வொலி என அறியவியலாமற் போகிறது. இளைஞர் கூறிய குறை அவ்வளவிற்கு உண்மையே.

அவ்விளைஞருள் மற்றொருவர் தம் தொழிலிலிருந்தே ஒன்று சொன்னார். வானில் வெடிக்கும் குண்டில் அதனை மேலே தள்ளும் மருந்து வேறு. உயரத்தில் சிதறச் செய்யும் மருந்து வேறு. இரண்டிற்கும் நடுவே தாமதித்து எரியும் திரி உண்டு. அத்திரி எரியும் சிறுபொழுதில் ஓசையில்லை. கண்கள் மேல்நோக்கிக் காத்திருக்கின்றன. அந்தச் சும்மா இருக்கும் நேரமே வெடிக்கு அழகு என்றார் அவர். பின்னணி இசை பற்றி இதனினும் தெளிவான கருத்தை நூல்களிற் காண்டல் அரிது.

புலவர் வகுத்த மருட்கையும் தொழிலாளர் உரைத்த திரியும் ஒரே உண்மையின் இரு கூறுகள். திரைப்படம் பற்றிய மக்கள் பேச்சைப் பொழுதுபோக்கென ஒதுக்குவோமாயின், மெய்ப்பாட்டியல் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் எஞ்சும். இளைஞர் வாதமும் விருப்பு வெறுப்பளவில் நின்றுவிடும். தேநீர்க் கடையில் பிறக்கும் வினாவிற்குத் தொல்காப்பியம் விடையிறுக்கும் என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். ஊரலரைத் தம் காப்பியத்துள் ஏற்றுப் பெயரிட்டு வைத்த சாத்தனார் காட்டிய நெறியும் அதுவே.