காதுக்குள் ஓயாத இரைச்சல்

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் ஷெல் வெடித்த நாளில் தொடங்கிய காது இரைச்சல் எம்மில் சிலருக்கு இன்னும் ஓயவில்லை. "உனக்கு மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள் என அஞ்சி, அதை வெளியே சொல்லாத சகோதரிகளும் உண்டு. இது பிரமை அல்ல.

வெடிப்பின்போது காற்றமுக்கம் கணப்பொழுதில் ஏறி இறங்குகிறது. அது செவிப்பறையைக் கிழிக்கலாம். சிறிய கிழிசல் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். ஆனால் உட்செவியில் ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. இவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. கேள்வி குறைய, இரைச்சல் எழுகிறது.

உட்செவிக்கு இரத்தம் மெல்லிய ஒரு நாடி வழியாகவே செல்கிறது. அது தடைப்பட்டால் மாற்று வழி இல்லை. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் இத்தகைய நுண்ணிய குழாய்களைப் பழுதாக்கும். ஆகவே "பிரஷர் குளிசையால்தான் தலை சுற்றுகிறது" என்று நீங்களாகவே அதை நிறுத்தாதீர்கள். எழும்பும்போது தலை சுற்றினால், அமுக்கம் சட்டென இறங்குவது காரணமாகலாம். பாயில் சற்று உட்கார்ந்திருந்து மெதுவாக எழும்புங்கள். கிளினிக்கில் வைத்தியரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றித் தருவார்.

சில மருந்துகளும் காதைத் தாக்கும். அஸ்பிரினைப் பெரிய அளவில் எடுத்தால் உட்செவியின் இரத்த ஓட்டம் குறைந்து இரைச்சல் வரலாம். நிறுத்தினால் பொதுவாக மாறிவிடும். இதய நோய்க்குத் தரும் 75 மில்லிகிராம் குளிசை பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஜென்டாமைசின் ஊசி மயிர்க்கலங்களையே அழிக்கக்கூடியது. அந்த இழப்பு நிரந்தரமானது. நீர் போவதற்குத் தரும் புரூசமைட்டும் அதனுடன் சேர்ந்தால் ஆபத்து கூடும். எனவே ஊசி போடுமுன், "எனக்குக் காது இரைச்சல் இருக்கிறது, கேள்வியும் குறைவு" என்று தயங்காமல் சொல்லுங்கள். பாவிக்கும் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் இரு வாரங்களுக்குள் ஸ்டீரொயிட் மருந்து தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். காதுக்குள் எண்ணெய் விட்டுப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

பழைய இரைச்சலை முற்றாக நீக்கும் குளிசை இல்லை. ஆனாலும் கேட்கும் கருவி பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. இரவில் வானொலியை மெல்லிய சத்தத்தில் வைத்தால் நித்திரை வரும். காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேள்விப் பரிசோதனை செய்ய ஒரு துண்டு தரும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.