ஆற்றிலிருந்து எடுத்த கதகதப்பு

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் லிம்மாட் ஆற்றின்மேல் கட்டப்பட்டிருக்கிறது ராட்ஹவுஸ் என்னும் மன்ற மாளிகை. 1698-இல் கட்டி முடித்த கட்டடம். அதன் அறைகளைக் கதகதப்பாக வைத்திருந்தவை விறகு அடுப்புகள். 1938-இல் அந்த அடுப்புகளுக்குப் பதிலாக ஓர் இயந்திரம் வந்தது. அது எதையும் எரிக்கவில்லை. கீழே ஓடும் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து, மேலே மாளிகைக்குக் கொடுத்தது.

கடுங்குளிரில் ஓடும் ஆற்று நீரில் ஏது வெப்பம்? நம் கைக்குத்தான் அது சில்லிடுகிறது. நான்கைந்து டிகிரியில் இருக்கும் நீரில்கூட, அதைவிடக் குளிர்ந்த ஒன்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே கொதித்து ஆவியாகிவிடும் ஒரு திரவத்தைக் குழாயில் விட்டு, அந்தக் குழாயை ஆற்று நீர் உரசிச் செல்லும்படி செய்தால், திரவம் ஆற்றின் வெப்பத்தைக் குடித்து ஆவியாகும். உள்ளங்கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்வது இதே காரணத்தால்தான். அந்த ஆவியைக் கம்ப்ரசர் அமுக்குகிறது. அமுக்கினால் சூடேறும், சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பாகம் சுடுவது தெரியும். சூடான ஆவி தன் வெப்பத்தை, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் நீரிடம் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. ஒரு வால்வைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, திரும்ப ஆற்று நீரை நோக்கிப் போகிறது.

நம் ஊர் ஏசியும் இதைத்தான் செய்கிறது. அறையின் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் எனப்படுவது வெளியே இருப்பதை உள்ளே கொட்டும் ஏசி. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, சுமந்து வருகிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு சுமார் மூன்று யூனிட் வெப்பத்தைத் தர முடிகிறது. சொந்த நிலக்கரி அதிகம் இல்லாத, ஆனால் மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுத்த சுவிட்சர்லாந்துக்கு இது பெரிய வரம். அந்த மாளிகை இயந்திரம் 63 ஆண்டுகள் ஓடியது. 2001-இல் அதற்குப் பதிலாக வந்ததும் ஒரு ஹீட் பம்ப்தான்.

இவ்வளவு பழைய கருவி ஏன் எல்லாக் கட்டடங்களுக்கும் பரவவில்லை? எண்ணெயும் எரிவாயுவும் மலிவாகக் கிடைத்தன. பிரிட்டனில் வடகடல் எரிவாயு வந்த பிறகு, பள்ளியோ மருத்துவமனையோ, அடித்தளத்தில் ஒரு கேஸ் பாய்லர் என்பதே வழக்கமாயிற்று. இன்று கரியமில வாயுவைக் குறைக்க அந்தப் பாய்லர்களை மாற்றியாக வேண்டும். 2020-இல் பிரிட்டன் அரசு இங்கிலாந்தின் பொதுக் கட்டடங்களில் இந்த வேலையைச் செய்ய 100 கோடி பவுண்டு ஒதுக்கித் திட்டம் தொடங்கியது. இயந்திரத்தை வாங்கிவிடலாம். உள்ளே ஆட்கள் இருக்கும்போதே அதை எப்படிப் பொருத்துவது என்பதில்தான் சிக்கல்.

பாய்லர் அனுப்பும் நீர் 75 டிகிரி வரை சுடும். ஹீட் பம்புக்கோ 50, 55 டிகிரிதான் வசதி. அதற்குமேல் ஏற ஏற மின்சாரத்தை அதிகம் தின்னும். 75 டிகிரியில் நுழைந்து 65-இல் திரும்பும் நீருக்குப் பதில் 55-இல் நுழைந்து 45-இல் திரும்பும் நீரை விட்டால், அதே ரேடியேட்டர் ஏறக்குறைய பாதி வெப்பத்தையே தரும். அப்படியானால் நூறு வகுப்பறைகளிலும் ரேடியேட்டரைப் பிடுங்க வேண்டுமா?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. எதையும் பிடுங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்கப் பழைய பாய்லரையே குறைந்த சூட்டில் ஓட்டிப் பார்ப்பது. எந்த அறை குளிர்கிறது, எது தாங்குகிறது என்று வெப்பமானி வைத்துக் குறித்துக்கொள்வது. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பல இடங்களில் தேவைக்கு மேலேயே பெரிய ரேடியேட்டர்களை வைத்திருந்தார்கள். ஜன்னல் இடுக்குகளை அடைத்து, கூரைக்கு வெப்பக்காப்பு போட்டுவிட்டால் இன்னும் சில அறைகள் தப்பிக்கும். மீதி அறைகளில் மட்டும் பெரிய ரேடியேட்டர் போதும். எந்த வரைபடமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

பிறகு வேலை, ஆட்களின் நேரத்தைப் பார்த்து நடக்கிறது. பள்ளியென்றால் ஆறு வாரக் கோடை விடுமுறை. மருத்துவமனைக்கு விடுமுறையே கிடையாது. ஒவ்வொரு வார்டாக நோயாளிகளை இடம் மாற்றித்தான் செய்ய வேண்டும். அங்கே குளிக்கும் வெந்நீரையும் மறக்கக் கூடாது: லெஜியோனெல்லா கிருமி பெருகாமலிருக்கத் தொட்டி நீரை 60 டிகிரியில் வைக்க வேண்டும், அதற்குத் தனி ஏற்பாடு தேவை. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் 1999-இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. ஆகவே பழைய சுவரில் துளை போடுமுன் அது இருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும். கட்டடத்துக்கு வரும் மின் இணைப்பும் பெரிதாக வேண்டியிருக்கலாம். இவை முடியும்வரை பழைய பாய்லரைக் கழற்றாமல், மிகக் குளிரான நாட்களுக்கென்று வைத்துக்கொள்வதே நல்லது என்று நினைக்கிறேன். நடுக்குளிரில் ஒரு வார்டைச் சோதனைக்கூடமாக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து பள்ளி திறந்ததும் முதலில் வரும் புகார், ரேடியேட்டர் சுடவில்லை என்பது. கையுறைகளை அதன்மேல் வைத்துக் காயவைத்தவர்களுக்கு அது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கெட்டுப்போனதாகத்தான் தோன்றும். முன்பு காலையில் ஒரு மணி நேரம் அனல் பறந்து பின் அணைந்தது. இப்போது நாள் முழுக்க மெல்லிய சூடு. அதனால் வேலையை ஒப்படைக்கும் நாளில் பொறியாளர், கட்டடப் பராமரிப்பாளரை வகுப்பறைக்குக் கூட்டிப்போய் முதலில் ரேடியேட்டரைத் தொடச் சொல்ல வேண்டும், பிறகு சுவரிலுள்ள வெப்பமானியைப் படிக்கச் சொல்ல வேண்டும்.