கண்ணுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்ணா

"கண்ணு உறுத்துதுங்ணா, ஒரு ஆயின்மென்ட் குடுங்க." கோவைப் பக்கம் கணபதியானாலும் சோமனூரானாலும் மெடிக்கல் ஷாப் வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. கடைக்காரர் சின்ன ட்யூப் ஒன்றை எடுத்து வைக்கிறார், நாம் காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறோம். அவர் சீட்டு கேட்பதில்லை, நாம் பில் கேட்பதில்லை. அந்த ட்யூபில் இருப்பது ஆன்டிபயாடிக் என்றால் அது சட்டத்துக்குப் புறம்பான விற்பனை.

ஆன்டிபயாடிக்குகள் மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் வருகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. தோலில் பூசும் களிம்புகள் பலவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கண், காது, மூக்குக்கான மருந்துகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று விதியே தனியாகச் சொல்கிறது. மாக்சிஃப்ளாக்சசின் போன்றவற்றுக்கு இன்னும் கெடுபிடி. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணைப்படி, சீட்டு எழுதியவர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எவ்வளவு என்று கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கண் மருந்தும் இதில் அடக்கம்.

இத்துனூண்டு ட்யூபுக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? பதில் மதுரையில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து 1997இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கண்ணில் முன்பே அடியோ கீறலோ பட்டிருந்தது. புண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்ததில் கிருமி தெரியவந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா. கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பூஞ்சை. குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அரிது. வெயிலும் வேளாண்மையும் உள்ள நம் பக்கத்தில் அது சரிபாதி.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. சோளத்தட்டு அறுக்கையில் தாள் கண்ணில் பட்டிருக்கலாம், கரும்புச் சோகை கீறியிருக்கலாம், பொள்ளாச்சித் தோப்பில் தென்னை மட்டை உரசியிருக்கலாம். இப்படிப் பயிர்பச்சை பட்டுச் சிவந்த கண்ணில் பூஞ்சைக்கான வாய்ப்பு அதிகம். அதற்கு நாட்டமைசின் போன்ற வேறு மருந்து வேண்டும். எந்தக் கிருமி என்று கடை கவுண்டரில் நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. கண் மருத்துவரே புண்ணிலிருந்து துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்கிறார்.

ஆயின்மென்டையே குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான இடத்தில் அதைப் போன்ற எளிய காவல் வேறில்லை. 2006இல் வெளியான இன்னொரு ஆய்வும் மதுரை மாவட்ட ஊராட்சிகளில் நடந்ததுதான். கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் அடிபட்டவர்களைச் சாயம் விட்டு நீலவிளக்கில் பார்த்து, கருவிழியில் கீறல் மட்டும் இருந்தவர்களுக்கு உடனுக்குடன் குளோராம்ஃபெனிக்கால் ஆயின்மென்ட் போட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பூஞ்சைக்கான மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். தினம் மூன்று வேளை, மூன்று நாள். இரு பிரிவிலும் யாருக்கும் புண் வரவில்லை. அங்கே யாரோ ஒருவர் முதலில் கண்ணைப் பார்த்தார், அடிபட்ட கையோடு மருந்து விழுந்தது, எத்தனை நாள் என்பதும் முன்பே தீர்மானமாகியிருந்தது. கீறல் புண்ணாகாமல் தடுக்க அது போதும். புண்ணாகிவிட்ட பிறகு அதே ட்யூபை நம்பி உட்கார்ந்திருப்பது வேறு கதை.

காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு மஞ்சள் பூளை கட்டினால் பெரும்பாலும் பாக்டீரியா. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் ஆயின்மென்ட் நன்றாகக் கேட்கும். தண்ணீராக வடிந்து, ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும் வீட்டில் எல்லோருக்கும் தொற்றும் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸ். 2022 நவம்பரில் தமிழகம் முழுக்க அது பரவியபோது எத்தனை ட்யூப் வீணாகப் பிதுக்கப்பட்டதோ! வைரஸிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது. கைகழுவுவதும் துண்டைத் தனியாக வைப்பதும்தான் அதற்கு வழி.

இனி, ஆபத்தின் மையம். ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்த கண் மருந்துகள் கடையில் ஏராளம். சில பிராண்டுகளில் அதே பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓர் எழுத்து சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட மறுநாளே சிவப்பு இறங்கிவிடும், "நல்ல மருந்து" என்று பேரும் வாங்கிவிடும். உள்ளே பூஞ்சையோ அக்கிக் கிருமியோ இருந்தால், உடம்பின் எதிர்ப்பு அடங்கிப்போன அந்த இடைவெளியில் அது கருவிழிக்குள் ஆழமாக இறங்கும். கண் அரிப்புக்காகக் குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் இதைப் போட்டுவரும் வீடுகளில் கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சில்லை. அரவிந்தின் மதுரை, கோவை, திருநெல்வேலி மருத்துவமனைகளும் அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து, பாக்டீரியாப் புண் என்று சோதனையில் உறுதியான 500 பேரிடம் ஸ்டீராய்டைச் சோதித்தன. முதல் 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் மட்டும், அதன் பிறகே ஸ்டீராய்டு, எல்லாம் மருத்துவர் கண்காணிப்பில். 2012இல் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மொத்தத்தில் பார்வைக்குக் கூடுதல் பலன் இல்லை. இத்தனை முன்னெச்சரிக்கையோடு கொடுத்தே பலன் தெரியாத ஒன்றை, என்ன கிருமி என்றே தெரியாமல் முதல் நாளே கடையில் வாங்கிப் போடுவதற்கு என்ன நியாயம்?

போடும் முறையிலும் கவனம் வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அண்ணாந்து பார்த்து, கீழிமையை இழுத்தால் ஒரு சின்னப் பள்ளம் கிடைக்கும். அதற்குள் அரை விரல்கடை நீளத்துக்கு மருந்தைப் பிதுக்கிவிட்டு ஓரிரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள். ட்யூபின் முனை இமையிலோ முடியிலோ விரலிலோ படக் கூடாது. கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அதோடு வண்டி ஓட்டவோ லேத்தில் நிற்கவோ வேண்டாம். சொட்டு மருந்தும் இருந்தால் முதலில் சொட்டு, ஐந்து பத்து நிமிடம் கழித்து ஆயின்மென்ட். சிவப்புப் போய்விட்டதென்று சொன்ன நாளுக்கு முன்பே நிறுத்தக் கூடாது, மீதியை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கவும் கூடாது. பழைய தலைமுறைக்குப் பழக்கமான குளோராம்ஃபெனிக்கால் கேப்ஸ்யூல் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதை வளையலில் தொங்கும் ஊக்கால் குத்தி, பாதியைக் காலையிலும் மீதியைச் சாயங்காலமும் போடுவார்கள். ஒரு கேப்ஸ்யூல் ஒரே தடவைக்குத்தான், திறந்தபின் மிச்சத்தை வீசிவிட வேண்டும். தோலுக்கான களிம்பை எக்காரணம் கொண்டும் கண்ணில் வைக்கக் கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் இவையும் வேண்டாம். கண்ணில் கீறல் இருந்தால் இவை கிருமிக்கு வாசல் திறந்துவிடும்.

சுத்தம் என்பது நம் கையோடு முடிவதில்லை. 2023 தொடக்கத்தில் சென்னை அருகே தயாரான கண் சொட்டு மருந்து அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியதாக அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. நான்கு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. அதே நிறுவனத்தின் கண் ஆயின்மென்ட் ஒன்றும் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் பார்ப்பது வீண் வேலையில்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பில்லும் அப்படித்தான். அது கையில் இருந்தால்தான் உங்கள் உரிமைகள் உயிர் பெறும். மருந்தில் சந்தேகம் வந்தால், 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுத்து அறிக்கை வாங்கலாம். இந்தப் பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. சீட்டு இல்லாமல் விற்கும் கடை மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். மருந்தால் பக்கவிளைவு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம். நட்டஈடு வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியதன் மதிப்பு ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழி கேட்க 1915 என்ற எண்ணை அழையுங்கள்.

பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். லேத்திலோ கிரைண்டிங்கிலோ இரும்புத் துகள் தெறித்தால், பக்கத்து மிஷின்காரர் துணி முனையால் எடுத்துவிட, ஆயின்மென்ட் போட்டுக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை நிற்பது நம்மூர் வழக்கம். துகள் தெறிக்கும் வேலைக்குக் கண்ணாடியோ தடுப்போ வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 35ஆவது பிரிவு இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணை ஒரு கண்ணின் பார்வை போவதை 30 சதவீத வருமானத் திறன் இழப்பாகக் கணக்கிடுகிறது. ஆனால் அடிபட்டது வேலையிடத்தில் என்று காட்ட ஏதாவது பதிவு வேண்டுமே! அன்றே மேஸ்திரியிடம் சொல்லி விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இஎஸ்ஐ இருந்தால் சிங்காநல்லூர் மருத்துவமனைக்குப் போங்கள், இல்லையென்றால் கோவை அரசு மருத்துவமனையில் சீட்டுப் போடுங்கள். கடையில் வாங்கிய ட்யூப் எந்த வழக்கிலும் சாட்சி சொல்லாது.

கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், காண்டாக்ட் லென்ஸ் போட்ட கண்ணில் சிவப்பு, பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையின் கண்ணில் பூளை. இவற்றில் எது இருந்தாலும் ஆயின்மென்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளாதீர்கள், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் திட்டுவாரோ என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். முன்பு போட்ட மருந்தால் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் அடுத்த மருந்தை முடிவு செய்வார். அந்த ட்யூபைப் பெட்டியோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.