யாரிடமும் சொல்லாத சொல்

உத்திரமேரூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சிஸ்டர்கள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஆனால் ட்ரிப்ஸ் பாட்டில் தீரும் நேரத்துக்குச் சரியாக ஒருவர் வந்து நின்றார். அவரிடம் யார் சொன்னது?"

அவரிடம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேஸ் ஷீட், ட்யூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாக நடந்து ஒப்படைப்பது எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்னை இழுப்பது வேறொன்று. ஊசித் தட்டோடு நடக்கிற சிஸ்டர், யார் பக்கமும் முகம் திருப்பாமல், "அஞ்சாம் கட்டில்ல பாட்டில் முடியுது" என்பார். காதில் விழுந்தவர்களில் கை ஒழிந்தவர் போவார். ஏவல் இல்லாததால் யார் வேலையும் அறுபடுவதில்லை.

லண்டன் பாதாள ரயிலின் கட்டுப்பாட்டு அறையில் இதே பழக்கத்தைக் கவனித்து, கிறிஸ்டியன் ஹீத், பால் லஃப் இருவரும் 1992-ல் எழுதினார்கள். அங்கே உட்கார்ந்த வேலை. ஆஸ்பத்திரியில் கேட்பவரும் நடந்துகொண்டிருக்கிறார். ஆள், கருவி, தகவல், இடம் நான்கையும் ஒன்றுகூட்ட நடக்கும் நடையே தனி உழைப்பு என்று டென்மார்க் மருத்துவமனை ஒன்றைப் பார்த்து பார்ட்ரமும் பாசனும் 2005-ல் எழுதினார்கள். அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பது என் வருத்தம்.

ஏவாமல் எட்டும் சேதி எனக்குப் புதிதல்ல. அப்பாவின் கோர்வைத் தறியில் மறுபக்கம் உட்கார்ந்து கரை நாடா எறிந்தவன் நான். அவர் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார். மிதியின் சத்தம்தான் எனக்குச் சேதி. இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இழை தப்பும். பிரித்துத்தான் நெய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சேதி எட்ட, குரல் காதில் விழ வேண்டும். திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டினது, ஓர் ஆதுலர்சாலையை, அதாவது அந்தக் கால ஆஸ்பத்திரியை, சொல்கிறது. 15 கட்டில்கள். வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்க்கும் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். ஒருவர் குரல் எல்லோருக்கும் எட்டும் அளவு. இன்றைய வார்டில் உறவினர் கூட்டமும் செல்போன் பாட்டும் அந்தக் குரலை மூடிவிடுகின்றன. இதில் நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

அக்காவைச் சேர்த்திருந்தபோது, மாத்திரைத் தட்டோடு போன சிஸ்டரை நிறுத்தி, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு முதல் கட்டிலுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு சீட்டாக மறுபடி ஒத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.