கலமும் அதன் சூழலும்: தைமசில் நிர்ப்பீடனக் கலங்களின் உருவாக்கம்

உயிரினத்தின் அடிப்படை அலகு கலம் என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. ஆயின், கலங்களுக்கு இடையே அமைந்திருப்பது யாது என்னும் வினா நெடுங்காலமாக இரண்டாம்பட்சமானதாகவே கருதப்பட்டு வந்தது. கலங்களைச் சூழ்ந்துள்ள புரத வலையமைப்பை உயிரியலாளர் கலப்புறத் தாயம் என அழைப்பர். கலங்களைத் தாங்கி நிற்கும் சாரமே இதுவெனவும், அதற்கு மேலாக இதற்குப் பணி எதுவும் இல்லையெனவும் முன்னர் எண்ணப்பட்டது. இவ்வெண்ணம் எத்துணை குறைபாடுடையது என்பதைத் தெளிவாகக் காட்டும் உறுப்புகளுள் ஒன்று தைமசு ஆகும்.

தைமசு மார்பெலும்பின் பின்னே, இதயத்துக்கு மேலாக அமைந்த ஈரிதழ் உறுப்பு. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பிழையமாக மாறுவது. இதன் பணி யாதென 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எவரும் திட்டவட்டமாக அறிந்திருக்கவில்லை. 1961 இல் இலண்டனில் பணியாற்றிய ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிகளில் நிணநீர்க்குழியங்கள் குன்றுவதையும், அவை தொற்றுகளுக்கு எளிதில் இரையாவதையும், பிற இனச் சுண்டெலிகளின் தோல் ஒட்டுகளை நிராகரியாது ஏற்றுக்கொள்வதையும் வெளிப்படுத்தினார். தனதையும் பிறிதையும் வேறுபிரித்தறியும் ஆற்றல் தைமசிலேயே உருவாகின்றது என்பது அதன் பின்னரே புலனாயிற்று.

பயணமே பயிற்சி

'ரீ' கலங்கள் எனப்படும் நிணநீர்க்குழியங்களின் முன்னோடிகள் என்பு மச்சையிலிருந்து குருதி வழியாகத் தைமசை அடைகின்றன. தைமசில் வெளியே மேற்பட்டையும் உள்ளே மையவிழையமும் உள்ளன. முன்னோடிக் கலங்கள் இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையிலுள்ள குருதிக்கலன்கள் ஊடாக உட்புகுந்து, முதலில் வெளிப்புறமாக உறையின் அடிப்பகுதி நோக்கிச் செல்கின்றன. பின்னர் திரும்பி மேற்பட்டையைக் கடந்து மையவிழையத்தை அடைகின்றன. தொடக்கத்தில் சீ.டீ.4, சீ.டீ.8 என்னும் மேற்பரப்பு மூலக்கூறுகள் இரண்டும் அற்றவையாக இருக்கும் இவை, மேற்பட்டையில் இரண்டையும் உடையனவாகி, இறுதியில் ஒன்றை மட்டும் தாங்கி முதிர்ச்சி அடைகின்றன.

இப்பயணத்தில் இரு தேர்வுகள் உள்ளன. மேற்பட்டையிலுள்ள மேலணிக் கலங்கள் காட்டும் சுய மூலக்கூறுகளை ஓரளவேனும் இனங்காண இயலாத கலங்கள் முதலாவது தேர்வில் இறந்தொழிகின்றன. சுய மூலக்கூறுகளை மிகையான வலிமையுடன் பற்றும் கலங்கள், உடலையே தாக்கக்கூடியவை ஆதலின், இரண்டாவது தேர்வில் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. இவ்விரு தேர்வுகளையும் கடந்து வெளியேறுவன நூற்றுக்குச் சிலவே.

ஒவ்வொரு கட்டமும் தனக்குரிய இடத்தில் நிகழ்கின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. கலம் உரிய காலத்தில் உரிய இடத்தை அடையாவிடின் தேர்வு பொருளற்றதாகிவிடும். ஆகவே, கலத்தை நகர்த்துவதும் நிறுத்துவதும் எவை என்னும் வினா அடிப்படையான வினாவாகின்றது.

தாயத்தின் பங்கு

தைமசின் உறையிலும் இடைச்சுவர்களிலும் தடித்த கொலாஜன் நார்கள் உள்ளன. உட்பகுதியில் பைபுரோநெற்றின், லமினின், நான்காம் வகைக் கொலாஜன் ஆகியன வலையாகப் பரந்துள்ளன. இவ்வலை மேற்பட்டையில் மெல்லியதாகவும் மையவிழையத்தில் அடர்ந்தும் காணப்படும். வளரும் 'ரீ' கலங்கள் தம் மேற்பரப்பில் இன்ரகிரின்கள் எனப்படும் வாங்கிகளைத் தாங்கியுள்ளன. வீ.எல்.ஏ.-4, வீ.எல்.ஏ.-5 ஆகியன பைபுரோநெற்றினையும், வீ.எல்.ஏ.-6 லமினினையும் பற்றுவன. பற்றியும் விடுவித்தும் கலம் முன்னேறுகின்றது. அத்துடன், கலங்களை ஈர்க்கும் கீமோகைன் என்னும் சிறு புரதங்களும் தாயத்தில் தங்கி, கலங்களுக்குத் திசை காட்டுகின்றன.

தாயம் பாதை மட்டுமன்று. இன்ரகிரின்கள் வழியாகக் கலத்தினுள் செல்லும் சைகைகள் அதன் உயிர்வாழ்வையும் பெருக்கத்தையும் பாதிக்கின்றன. லமினினின் ஒரு வகை பிறவியிலேயே குன்றிய சுண்டெலிகளில் தைமசு சிறுத்தும் அதன் கலங்கள் எண்ணிக்கையில் குறைந்தும் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. தானாகவே நீரிழிவுக்கு உள்ளாகும் ஒருவகைச் சுண்டெலியின் தைமசுக் கலங்களில் வீ.எல்.ஏ.-5 குறைவாக உள்ளது. அவற்றின் தைமசில் குருதிக்கலன்களைச் சூழ்ந்த வெளிகள் பருத்து, முதிர்ந்த கலங்கள் அங்கே தேங்கிக் கிடக்கின்றன.

வறுமையின் சுவடு

இவ்வாய்வுகளுட் பல பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவிலுள்ள ஒசுவால்டோ குரூசு நிறுவனத்தில் நிகழ்ந்தமை தற்செயலானதன்று. அதே நிறுவனத்தைச் சேர்ந்த கார்லோசு சாகசு 1909 இல் விவரித்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. மண்சுவர் வெடிப்புகளில் வாழ்ந்து இரவில் குருதி குடிக்கும் மூட்டையினப் பூச்சிகள் இந்நோயின் ஒட்டுண்ணியைப் பரப்புவதால், இது இலத்தீன் அமெரிக்காவின் ஏழை விவசாயிகளின் நோயாக நிலைத்தது.

இவ்வொட்டுண்ணி தொற்றிய சுண்டெலிகளில் தைமசு சுருங்குகின்றது; பைபுரோநெற்றினும் லமினினும் மிகையாகப் படிகின்றன; கலங்களின் வாங்கிகளும் மாறுபடுகின்றன. விளைவாக, சீ.டீ.4, சீ.டீ.8 இரண்டையும் தாங்கிய முதிராக் கலங்கள் உரிய காலத்துக்கு முன்னரே வெளியேறி நிணநீர்க் கணுக்களை அடைகின்றன. இரண்டாவது தேர்வே குலைந்துவிட்டதோ என்னும் ஐயம் எழுந்தது. 2011 இல் வெளியான ஆய்வு அத்தேர்வு பெரிதும் பழுதுபடவில்லை எனக் காட்டியது. எனினும், கடுமையாக நோயுற்ற மனிதரின் குருதியில் கிளர்ச்சியுற்ற அத்தகைய இருகுறிக் கலங்கள் மிகுந்திருப்பதையும் அது எடுத்துக்காட்டியது.

மந்தபோசணையும் இத்தகைய சுவட்டைப் பதிக்கின்றது. தைமசு உடலின் போசணை நிலையைக் காட்டும் நுண்ணிய அளவி என ஜோன் சைமன் 1845 இலேயே கருதினார். 1990களில் பிரேசிலில், மந்தபோசணையுற்று இறந்த சிறுவர்களின் தைமசை ஆராய்ந்தபோது, கலங்கள் குன்றியிருந்ததோடு தாய வலை அடர்ந்திருந்தமையும் காணப்பட்டது. பசித்த குழந்தை தொற்றுநோய்க்கு எளிதில் இரையாவது ஏன் என்னும் வினாவுக்கான விடையின் ஒரு பகுதி இங்கேயும் உள்ளது.

செயற்கைத் தைமசு நோக்கி

தைமசின் மேலணிக் கலங்களைத் தட்டையான கண்ணாடித் தளத்தில் வளர்த்தால், அவை 'ரீ' கலங்களை உருவாக்கத் தூண்டும் ஆற்றலை விரைவில் இழக்கின்றன. முப்பரிமாண அமைப்பில் வளர்த்தால் அவ்வாற்றல் நிலைக்கின்றது. 2020 இல் இலண்டன் ஆய்வாளர் எலியின் தைமசிலிருந்து கலங்களை நீக்கி, எஞ்சிய தாயச் சட்டகத்தில் மனிதத் தைமசுக் கலங்களைக் குடியேற்றி, 'ரீ' கலங்கள் முதிர்ச்சியடைவதைக் காட்டினர். தைமசின்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இவ்வழி ஒருநாள் பயன் தரக்கூடும்.

கலத்தின் இயல்பு அதன் பரம்பரையலகுகளில் மட்டும் எழுதப்பட்டதன்று என்பதே இவற்றால் பெறப்படும் உண்மை. அதற்காகச் சூழலே அனைத்தும் எனக் கொள்வதும் பொருந்தாது. தாயத்தை ஆக்குவனவும் கலங்களே. கலம் சூழலை ஆக்குகின்றது. சூழல் கலத்தை ஆக்குகின்றது. அச்சூழலுள் நாம் உண்ணும் உணவும் உறையும் வீடும் புகுந்து மார்பெலும்பின் பின்புறம் வரை தொடர்கின்றன என்பதை மறந்து நிர்ப்பீடனத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.